பிள்ளையின் பருவம் காத்திராது

தாய்மாரும் சின்னப் பிள்ளைகளும் கூடி விளையாடவும் கொண்டாடவும் சில வழிகள்

விதைப்புக்குப் பருவம் உண்டென்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. மாரி மழையை நம்பிப் புரட்டாதியில் விதைக்கவேண்டிய நெல்லைத் தை மாதத்தில் விதைத்துவிட்டு விளைச்சலுக்குக் காத்திருப்பவர் எவருமில்லை. மண்ணும் விதையும் நல்லனவாக இருக்கலாம். பருவம் தவறினால் தவறியதுதான். பிறந்தது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் விளையாட்டும் இத்தகையதே. பேச்சு, நடை, கை வேலை, பிறருடன் பழகும் பாங்கு ஆகியவற்றுக்கு இந்த வயதிலேயே வேர் விழுகின்றது.

இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்றுண்டு: "எல்லாம் ஊருக்குப் போனாப் பிறகு பாப்பம்." கல்வீடு கட்டுவதை அப்படித் தள்ளி வைக்கலாம். கிணறு இறைப்பதையும் வேலி அடைப்பதையும் தள்ளி வைக்கலாம். பிள்ளையைத் தள்ளி வைக்க முடியாது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பலவற்றின் காணிகள் 2015இலும் அதற்குப் பின்னருமே படிப்படியாக விடுவிக்கப்பட்டன. 1990இல் தாயின் இடுப்பில் ஊரைவிட்டு வந்த பிள்ளைக்கு 2015இல் இருபத்தைந்து வயது. வன்னியிலிருந்து 2009இல் வந்தவர்கள் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. கடைசிவரை அங்கிருந்த குடும்பமொன்றின் கைக்குழந்தை, வெளியே வரும்போது முன்பள்ளிக்குப் போகும் வயதை எட்டியிருக்கும். ஊர் திரும்பும் நாளை நாம் தீர்மானிப்பதில்லை. ஆனால் இந்தக் கிழமை எமது கொட்டில்களுக்கு நடுவே பிள்ளைகள் கூடி விளையாடுவதா இல்லையா என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

ஊரில் இருந்ததும் இங்கே இல்லாததும்

ஊரில் எவரும் பிள்ளைகளுக்கென்று கூட்டம் வைக்கவில்லை. வைக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. தோட்டத்துக்குப் போகும் தாய் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுப் போனாள். கிணற்றடியில் நாலு பெண்கள் கூடினால் நாலு பிள்ளைகளும் கூடின. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது பிள்ளை ஓலைத் துண்டை மிதக்கவிட்டது. தாய்க்கு ஒரு சந்தேகம் வந்தால், பிள்ளை பிந்தி நடந்தால், இரவில் வீறிட்டு அழுதால், வேலிப் பொட்டுக்குள்ளால் பெரியம்மாவிடமோ மாமியிடமோ கேட்டாள்.

இடப்பெயர்வு வீட்டையும் நிலத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த அயலையும் எடுத்துக்கொண்டது. ஒரு வரிசையில் இருபது கொட்டில்கள் இருந்தாலும் இருபதும் வெவ்வேறு ஊர். பக்கத்துக் கொட்டிலில் இருப்பவர் யார், எப்படிப்பட்டவர் என்று தெரியாதபடியால் தாய் பிள்ளையை வெளியே விடப் பயப்படுகிறாள். உறவினர் வளவில் ஒதுங்கியிருப்பவளுக்கோ வேறு கஷ்டம். பிள்ளை சத்தம் போட்டால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார் என்று நாள் முழுவதும் "சத்தம் போடாதை" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்படி வளரும் பிள்ளை கேட்கும் சொற்களும் குறைவு, பேசும் சொற்களும் குறைவு. தாயும் பகலில் பேச ஆளில்லாமல் இருக்கிறாள்.

ஆகவே நாம் சொல்லும் விளையாட்டுக் கூட்டம் பிள்ளைகளுக்கான பொழுதுபோக்கு மட்டுமன்று. உடைந்த அயலைத் திரும்பக் கட்டும் வேலையும் அதுவே.

விளையாட்டினால் என்ன பயன்?

"வயிற்றுக்கே வழியில்லை, விளையாட்டு ஒரு கேடா?" என்று சிலர் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்வி. அதற்கு மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமெய்க்காவிலிருந்து ஒரு பதிலுண்டு. 1986–87 காலத்தில் அதன் தலைநகரான கிங்ஸ்ரனின் ஏழைக் குடியிருப்புகளில், போசாக்குக் குறைவினால் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சலி கிரந்தம்-மக்கிரகர் என்ற மருத்துவப் பேராசிரியையும் அவருடைய குழுவினரும் தெரிந்தெடுத்தனர். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணிப் பெண்கள் கிழமைக்கு ஒரு தடவை போய், ஒரு மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் இருந்தார்கள். பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். வீட்டுப் பொருட்களால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொடுத்துவிட்டு, அடுத்த கிழமை அவற்றை எடுத்து வேறு சாமான்களைக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் இது நடந்தது. இருபது வருடங்களின் பின் பார்த்தபோது, இப்படி விளையாடிய பிள்ளைகள் விளையாட்டு உதவி கிடைக்காத பிள்ளைகளைவிடச் சராசரியாக நூற்றுக்கு 25 வீதம் கூடுதலாக உழைத்தார்கள். இந்த முடிவு 2014இல் வெளியாயிற்று. கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருளால் வந்த பயனன்று இது. தாய் பிள்ளையோடு பேசி விளையாடியதால் வந்த பயன்.

எம்மைப் போல இடம்பெயர்ந்தோரிடமிருந்தும் ஒரு பாடமுண்டு. 2017 ஓகஸ்ட் முதல் மியன்மாரிலிருந்து பங்களாதேசுக்கு ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட றோகிங்கியா மக்கள் ஓடிவந்தனர. அந்த முகாம்களில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் சிறுவருக்கான விளையாட்டு இடங்களை அமைத்தபோது, வெளியிலிருந்து பாட்டும் கதையும் கொண்டுவரவில்லை. தாய்மாருக்குத் தெரிந்த றோகிங்கியாப் பாட்டுக்களையும் விளையாட்டுக்களையும் கேட்டறிந்து அவற்றையே பயன்படுத்தியது. எமது மட்டக்களப்பிலும் யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டு, தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் ஒன்றாகக் களிமண்ணிலும் வர்ணத்திலும் பாட்டிலும் கதையிலும் ஈடுபட்டனர்.

விளையாட்டுப் பிள்ளையின் உரிமை என்பது வெறும் பேச்சன்று. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. இலங்கை 1991இல் அதனை ஏற்று உறுதிசெய்தது.

எப்படித் தொடங்கலாம்?

பெரிய ஆயத்தம் வேண்டாம். இரண்டு தாய்மார் மனம் வைத்தால் போதும். ஆறு முதல் பத்துத் தாய்மார் வரை சேரலாம். அதற்கு மேல் போனால் இரண்டு கூட்டமாகப் பிரிப்பது நல்லது. சனம் கூடினால் சின்னப் பிள்ளைகள் மிரளும்.

இடம்: வேப்பமர நிழல், பொதுக்கொட்டில், முன்பள்ளி முடிந்தபின் அதன் விறாந்தை ஆகியவற்றில் எதுவும் பொருந்தும். கிணறும் வீதியும் தள்ளியிருக்க வேண்டும். இரண்டு மூன்று பனையோலைப் பாய், குடிதண்ணீர்க் குடம், கை கழுவச் சவர்க்காரம், பக்கத்தில் மலசலகூடம் இருந்தால் போதும்.

நேரம்: கூலி வேலைக்குப் போகும் தாய்மாரைக் கேட்டே நேரத்தை முடிவுசெய்யுங்கள். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் வெங்காயம் நடப்போன தாய் வரமாட்டாள். அவளுடைய பிள்ளைக்கே இது கூடுதலாகத் தேவை. பின்னேரம் மூன்றரை முதல் ஐந்து மணி வரை பலருக்கும் பொருந்தும். கிழமைக்கு ஒரு நாள், அதே நாள், அதே நேரம் என்று வையுங்கள். பலதும் நிலையில்லாமல் போன பிள்ளைக்கு "ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு" என்ற ஒன்று நிலையாக இருப்பதே ஆறுதல்.

யார் வரலாம்: தாயில்லாத பிள்ளையுடன் அம்மம்மாவோ சித்தியோ தகப்பனோ வரட்டும். "தாய்மார் கூட்டம்" என்ற பேரைச் சொல்லி எவரையும் வாசலில் நிறுத்தவேண்டாம். நடக்க இயலாத, பேச்சு வராத, காது கேளாத பிள்ளையைக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டு வரும் தாயிடம் போய், "பிள்ளையையும் கொண்டு வாருங்கோ" என்று கேளுங்கள்.

ஒரு பின்னேரத்தை எப்படி நடத்துவது?

முதலில் வரவேற்பு. வட்டமாக இருந்து ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கைதட்டிப் பாடுங்கள். தன் பெயரைப் பலர் சொல்லக் கேட்பது பிள்ளைக்குப் பெருமை. புதிதாக வந்த தாயின் பெயரையும் கேளுங்கள். "கண்ணனின் அம்மா" என்று மட்டும் அழைக்கப்பட்டு வந்தவளுக்கும் சொந்தப் பெயர் ஒன்றுண்டு.

அடுத்த அரைமணி நேரம் பிள்ளையின் விருப்பப்படி விளையாட்டு. ஒரு பாயில் சிரட்டைகளும் ஈர மணலும், இன்னொன்றில் களிமண், இன்னொன்றில் சட்டி பானை வைத்துச் சோறு கறி ஆக்கும் விளையாட்டு, நிழலான மூலையில் தவழும் குழந்தைகள். பெரியவர்கள் கட்டளையிடவேண்டாம். பக்கத்தில் குந்தியிருந்து, பிள்ளை செய்வதைச் சொல்லில் சொல்லுங்கள்: "ஓ, சிரட்டை நிறைஞ்சிட்டுது, இனிக் கவிழ்க்கப் போறீங்களோ?" சொல்வளம் வளருவது இப்படித்தான்.

இரண்டு வயதுப் பிள்ளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து விளையாடாமல், அருகருகே தனித்தனியாக விளையாடுவது இயல்பு. சாமானைப் பங்கிடாமல் பறிப்பதும் இயல்பு. மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட்டுப் பிள்ளைக்கு அடிக்கவேண்டாம். ஒரே மாதிரிச் சாமான் இரண்டை வைத்தால் பாதிச் சண்டை தீரும். மூன்று நான்கு வயதில்தான் கூட்டு விளையாட்டுப் பிடிபடும்.

அதன்பின் எல்லோரும் சேர்ந்து ஏதாவது ஒன்று செய்யுங்கள். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் நட்சத்திர அச்சு. வெங்காயத்தை வெட்டினால் வட்ட அச்சு. மஞ்சள், பீற்றூட், செவ்வரத்தம்பூ, கரி, செங்கட்டித்தூள் ஆகியன வர்ணங்கள். தும்பைக் குச்சியில் கட்டினால் தூரிகை. பழைய பத்திரிகையும் சீமெந்துப் பையின் உட்கடதாசியும் படம் கீற உதவும். சீமெந்துத் தூளை நன்றாகத் தட்டித் துடைத்துவிடுங்கள்.

தோட்டக்காரரின் பிள்ளைகளுக்கு நாம் விரும்பிச் சொல்லும் விளையாட்டு ஒன்றுண்டு. மூன்று முழ நிலத்தைக் கொத்தி, பிள்ளைகளைக் கொண்டு சின்னப் பாத்தி கட்டுவியுங்கள். வாய்க்கால் வெட்டி, பேணியால் தண்ணீர் வார்த்து, ஒரு பாத்தி நிறைந்ததும் அதை அடைத்து அடுத்ததைத் திறக்கட்டும். பயறு விதைத்தால் சில நாளில் முளைக்கும். தகப்பனின் தோட்டத்தைக் கண்டிராத பிள்ளை தகப்பனின் தொழிலை இப்படிக் கையால் அறியும். இந்த இடத்தில் தகப்பன்மாரையும் கூப்பிடுங்கள். சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு நிறைய உண்டு. பாத்தி நடுவே பழைய சேட்டும் சட்டியும் கொண்டு ஒரு வெருளி கட்டலாம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிச் சிறுவருக்குப் பாடிய பாட்டு எங்கள் அம்மம்மாமார் பலருக்கு மனப்பாடம். அவர்களைக் கொண்டே பாடுவியுங்கள்.

முடிவில் ஒரு கதை, இரண்டு பாட்டு, அவித்த கடலையோ திரிபோஷா உருண்டையோ ஒரு கை. பிறகு விடைபெறும் பாட்டு.

விளையாட்டுப் பெட்டி

ஜமெய்க்காவில் செய்ததுபோலச் சாமான்களை ஒரு பெட்டியில் சேர்த்து, கிழமைக்கு ஒரு வீடாக மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். எல்லா வீட்டுக்கும் எல்லாச் சாமானும் தேவைப்படாது. பழைய சேலையில் தைத்த பொம்மை, சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கும் சிரட்டைகள், விளிம்பு மழுங்கத் தட்டிய மாப்பேணி மேளம், பயறு போட்டு மூடியை இறுக்கி ஒட்டிய தண்ணீர்ப் போத்தல் கிலுக்கு, நொங்குக் கோம்பை வண்டில், ஓலைக் காற்றாடி ஆகியவற்றை இப்பெட்டியில் போடலாம். பூவரசம் இலைக் குழலை அன்றன்று சுருட்டி ஊதலாம்.

கைத்தொலைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுப்பது இதற்கு ஈடாகாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக்கூடாது.

கவனிக்க வேண்டியவை

கிருமிநாசினி, களைநாசினி இருந்த போத்தல்களை எவ்வளவு கழுவினாலும் விளையாட்டுக்கு எடுக்கவேண்டாம்.

குன்றிமணியும் அலரிக்கொட்டையும் நஞ்சு. அவை விளையாட்டுப் பெட்டிக்குள் வரவே கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் இடத்தில் புளியங்கொட்டை, மஞ்சாடி, பொத்தான் போன்ற சிறிய பொருட்களும் வேண்டாம். பிள்ளை அவற்றை விழுங்கினால் மூச்சு அடைக்கும். வெடித்த பலூன் துண்டும் அப்படியே அபாயமானது.

ஒரு சாண் தண்ணீரிலும் குழந்தை மூழ்கலாம். வாளியையும் தொட்டியையும் வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள்.

புதிய இடத்தில் கண்டெடுக்கும் இரும்புத் துண்டு, பேணி, வயர் எதையும் தொடாமல் பெரியவரிடம் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

கொண்டாட்டங்கள்

கொண்டாட்டம் என்றதும் செலவு நினைவுக்கு வரும். பிறந்தநாளுக்குக் கேக்கும் வீடியோவும் வேண்டுமென்று கடன்பட்ட குடும்பங்களும் உண்டு. கடனுக்குப் பயந்து பிள்ளைக்கு ஒன்றுமே செய்யாமல் விட்டுக் கண்கலங்கிய தாய்மாரும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. மாதத்தில் ஒரு நாள், அந்த மாதத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே கொண்டாட்டம். ஆளுக்கொரு பிடி அவல், தேங்காய், சர்க்கரை. பிள்ளைகளுக்குப் பூவரசம்பூ மாலை அல்லது குருத்தோலைக் கிரீடம். அன்பளிப்பும் கடித உறையும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள். கொடுக்க இயலாதவள் வராமல் நின்றுவிடுவாள்.

பல் முளைத்த பிள்ளைக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுவது எமது பழைய வழக்கம். தேங்காய்ச் சொட்டைப் பல்லாக வைத்துக் கொழுக்கட்டை பிடித்து, பிள்ளையின் தலையில் வெள்ளைத் துணி விரித்து, மாமி முறையானவர் கொட்டுவார். ஏடும் எழுதுகோலும் முன்னே பரப்பி, பிள்ளை எதை எடுக்கிறதென்று எல்லோரும் பார்ப்பார்கள். சொந்த மாமி கனடாவிலோ வேறு முகாமிலோ இருக்கலாம். பக்கத்துக் கொட்டில் அக்கா அன்றைக்கு மாமியாகட்டும். நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஓடிவரப் போவதும் அவர்தான்.

ஆடிப்பிறப்புக்குப் பயறும் பனங்கட்டியும் போட்டு ஒரு பானை கூழ் காய்ச்சலாம். தைப்பொங்கல், ஏடு தொடக்கல், நத்தார், றம்ழான் பெருநாள் என்று அங்கே உள்ளவர்களின் பெருநாட்கள் எதுவாயினும் பிள்ளைகள் எல்லோருக்கும் அதில் பங்கு கொடுங்கள்.

இங்கே ஒரு விடயத்தை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். கணவனை இழந்த பெண்ணை நல்ல காரியத்தில் முன்னுக்கு விடுவதில்லை என்ற வழக்கம் எம்மிடையே இன்னும் உண்டு. யுத்தம் எத்தனை இளந்தாய்மாரை அந்த நிலைக்குத் தள்ளியது என்பதை நாம் அறிவோம். கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் காத்திருக்கும் தாய்மாரும் எம்மோடு இருக்கிறார்கள். தன் பிள்ளையின் பல்லுக்கொழுக்கட்டைக்குத் தானே பின்னால் ஒதுங்கி நிற்கும் தாயை அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. உங்கள் கூட்டத்தில் அவளே விளக்கேற்றட்டும், அவளே முதற் கொழுக்கட்டையைக் கொட்டட்டும். எவருடைய கையால் எவர் சாப்பிடுவது என்ற பேச்சும் பிள்ளைகளின் பாயில் வேண்டாம். ஒரு சுளகில் போட்டு எல்லாப் பிள்ளைகளும் எடுத்துச் சாப்பிடட்டும்.

துக்கம் நடந்த வீட்டில் ஆண்டுத்திவசம் வரை கொண்டாட்டம் வைப்பதில்லை. அந்த வீட்டுப் பெரியவர்களின் மனதை மதியுங்கள். ஆனால் பிள்ளையை விளையாட்டுக்கு அனுப்பும்படி அன்பாகக் கேளுங்கள்.

விளையாடாத பிள்ளையும் பேசாத தாயும்

சில பிள்ளைகள் வந்த நாளில் தாயின் மடியைவிட்டு இறங்கமாட்டா. இழுத்து விடவேண்டாம். மூன்று நான்கு கிழமை மடியில் இருந்து பார்த்தபின் தானாக இறங்கும். சில பிள்ளைகள் குண்டு விழுவதுபோலவும், ஓடி ஒளிப்பதுபோலவும், செத்தவரைப் புதைப்பதுபோலவும் விளையாடும். பார்க்கும் எமக்கு நெஞ்சு பதறினாலும் ஏசி நிறுத்தவேண்டாம். சொல்லத் தெரியாததைப் பிள்ளை விளையாடிக் காட்டுகிறது. பக்கத்தில் இருங்கள். "இப்ப நாங்கள் பத்திரமாய் இருக்கிறம்" என்று சொல்லுங்கள். அதே விளையாட்டையே பல கிழமை மாறாமல் விளையாடினாலோ, நித்திரையின்றி அலறினாலோ, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டாலோ, குடும்பநல மாதுவிடம் அல்லது வைத்தியசாலையில் காட்டுங்கள்.

தாய்மாரையும் பாருங்கள். பிள்ளை சிரித்தாலும் சிரிக்காத, தலைவாராத, இரண்டு கிழமையாக வராத தாயை "திமிர் பிடிச்சவள்" என்று ஒதுக்கவேண்டாம். மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருந்தும் உளவளத்துணையும் உண்டு. நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாமல், பிள்ளையை ஒரு மணி நேரம் வாங்கி வைத்திருங்கள். கிளினிக்குக்குப் போகும்போது கூடப் போங்கள்.

கடைசியாக, ஒரு கொப்பி வையுங்கள். அன்றன்று யார் வந்தார்கள், எந்தப் பிள்ளை முதல் அடி வைத்தது, முதற் சொல் சொன்னது, யாருக்குப் பல் முளைத்தது என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரிந்த தாய் மற்றவர்களுக்காகவும் எழுதட்டும். நாளைக்கு இந்த இடத்தைவிட்டு ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் போகும்போது, அந்தப் பக்கங்களைப் பிரதியெடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம். எத்தனையோ பிள்ளைகளின் குழந்தைப் பருவப் படங்கள் ஊரோடு போய்விட்டன. இந்தப் பிள்ளைகளிடம் அதுவாவது இருக்கட்டும்.